ஆனை விலை குதிரை விலைக்கு ஒரு பழைய ட்ரெயின்: காசு கொடுக்குறதுக்கு முன்னாடி எங்கெங்க பாக்கணும்

ஹார்ன்பி டப்ளோங்கிற பழைய இங்கிலாந்து பொம்மை ரயில்ல, டச்சஸ் ஆஃப் அத்தோல்ங்கிற ஸ்டீம் இன்ஜின் மாடல் ஒண்ணு இப்ப ஈபேல 385 பவுண்டுக்கு கிடக்கு. ரேர், மின்ட், ஒரிஜினல் பாக்ஸ்னு எல்லாம் தலைப்புலயே பெரிய எழுத்துல போட்டிருக்காங்க, உள்ள போய் கடைசி வரிக்கு வந்தாதான் அன்டெஸ்டட், சோல்ட் அஸ் சீன்னு, அதாவது ஓட்டிப் பாக்கல, இருக்குறபடியே விக்கிறோம்னு இருக்கு. அரக்குச் சிவப்பு பாடி, தங்க கலர் கோடு, பக்கவாட்டுல எடுத்த போட்டோ எல்லாமே பளபளன்னு இருக்கு. பொன்மலைல இருந்து ஒரு தம்பி இந்த லிங்க அனுப்பி, அண்ணா நீங்க இங்கிலாந்துலதான இருக்கீங்க, ஊருக்கு வரும்போது இத வாங்கிட்டு வர முடியுமா, விலை சரியா இருக்கான்னு கேட்டான். அவங்க அப்பா ரயில்வே வொர்க்‌ஷாப்ல வேல பாத்தவரு, ஸ்டீம் இன்ஜின்னா அவனுக்கு அப்படி ஒரு ஆசை. அவனுக்கு போன்ல சொன்னத எல்லாம் இங்கயும் எழுதி வச்சிடறேன், ஏன்னா இதே கேள்விய வேற வேற ஆளுங்க கேட்டுக்கிட்டே இருக்காங்க, முதல் இன்ஜின்லயே கை சுட்டுக்கிட்டா அதோட இந்தப் பக்கமே வரமாட்டாங்க.

முதல்ல அந்த ரேர் விஷயம். லிவர்பூல்ல பின்ஸ் ரோடு பேக்டரில மெக்கானோ கம்பெனி 1938ல டப்ளோ ஆரம்பிச்சாங்க, நடுவுல ஒரு ரயில், அதாவது தண்டவாளக் கம்பி, எக்ஸ்ட்ராவா இருக்குற மூணு ரயில் சிஸ்டம், 12 வோல்ட் டிசி. அப்ப வந்தது ரெண்டே இன்ஜின்தான், சர் நைஜல் கிரெஸ்லிங்கிற நீல கலர் ஏ4 ரக இன்ஜின், அப்புறம் சின்ன என்2 டேங்க் இன்ஜின். அத்தோல் ரெண்டாம் உலக யுத்தத்துக்கு முன்னாடியே திட்டம் போட்டது, ஆனா யுத்தம் முடிஞ்சப்புறம்தான் கடைக்கு வந்துச்சு, வந்ததுக்கப்புறம் பச்சை கலர் டச்சஸ் ஆஃப் மான்ட்ரோஸ் வர்ற வரைக்கும் வருஷக்கணக்கா வித்தாங்க. இங்கிலாந்துல எந்த டாய் ஃபேருக்குப் போனாலும் ஏதாவது ஒரு மேஜைல ஒரு அத்தோல் இருக்கும். அது அழகான இன்ஜின்தான், எனக்கு ரொம்பப் பிடிச்ச இன்ஜினும் அதுதான், ஆனா அரிதானது கிடையாது.

நிஜமாவே அரிதானதுன்னா எது? 1959ல டப்ளோ ரெண்டு ரயில் சிஸ்டத்துக்கு மாறுச்சு, அதுக்கப்புறமும் பழைய மூணு ரயில் வச்சிருக்கிறவங்களுக்காக கொஞ்சம் கொஞ்சமா செஞ்சாங்க பாருங்க, சிட்டி ஆஃப் லிவர்பூல், டார்செஸ்டர், அந்த சதர்ன் எலக்ட்ரிக் செட்டு, அதெல்லாம் கம்மியாத்தான் வித்துச்சு, அதனால இப்ப விலை இருக்கு, அந்த விலையில நியாயமும் இருக்கு. என்2 டேங்க்லயும் அப்படித்தான், அத எல்எம்எஸ், சதர்ன் மாதிரி அந்தக்கால ரயில்வே கம்பெனிங்க கலர்ல போட்டாங்க, எல்எம்எஸ் கறுப்பு எங்க பாத்தாலும் கிடைக்கும், சதர்ன் பச்சைக்குத்தான் ஆளுங்க அடிச்சிக்குவாங்க. ஆனா எது அரிதோ அதுலதான் போலியும் வரும், சாதாரண கறுப்பு டேங்க வாங்கி பெயிண்ட் சுரண்டி பச்சை அடிச்சு சதர்ன்னு எழுத்து ஒட்டினா விலை எங்கயோ போயிடும். ரென் கதை இன்னும் மோசம். 1964ல மெக்கானோ, ட்ரையாங் பொம்மை ரயில் செஞ்ச லைன்ஸ் பிரதர்ஸ் கைக்குப் போனதும், டப்ளோ அச்சுகள் எசெக்ஸ்ல பேசில்டன்ல இருந்த ரென் கம்பெனிக்கு வந்துச்சு, அவங்க 1992 வரைக்கும் அதே பாடிய விதவிதமான பேர்லயும் கலர்லயும் போட்டாங்க. ஒரே பாடி, நூறு விதமா பெயிண்ட். போலி பண்றவனுக்கு இதவிட வசதி வேணுமா? கம்மியா செஞ்ச ரென் இன்ஜின்னு யாராவது பெரிய விலை சொன்னா கண்ணுல விளக்கெண்ணெய் விட்டுத்தான் பாக்கணும்.

விலைக்கு ஒரு வழி இருக்கு, ரொம்ப சுலபம். ஈபேல தேடும்போது பில்டர்ல சோல்ட் ஐட்டம்ஸ்னு இருக்கும், அத டிக் பண்ணுங்க. கேக்குற விலை யாரு வேணா எவ்வளவு வேணா போடலாம், நிஜமா காசு கொடுத்து யாராவது வாங்கின விலை அதுலதான் தெரியும். அதுலயும் விலைய கோடு போட்டு அடிச்சிருந்தா அது பேரம் பேசி அதவிடக் கம்மிக்குப் போனதுன்னு அர்த்தம். நான் பாக்குற வரைக்கும் ஓடுற நிலைமையில இருக்குற அத்தோல் நூறு பவுண்டுக்குக் கீழயே சாதாரணமா கைமாறுது. அந்த 385 பவுண்டு லிஸ்டிங் மாசக்கணக்கா திரும்பத் திரும்ப ரீலிஸ்ட் ஆகிட்டே இருக்கும், அதப் பாத்துட்டு இன்னொருத்தர் தன் வீட்டுப் பரண்ல கிடக்குறதுக்கும் அதே விலை போடுவார், அதப் பாத்து இன்னொருத்தர். யாருமே வாங்காத விலை ஒண்ணு இப்படித்தான் மார்க்கெட் விலை மாதிரி நிக்குது. வயசானவங்க இறந்தப்புறம் அவங்க கலெக்‌ஷன விக்கிற குடும்பங்களும் இதப் பாத்துத்தான் ஏமாந்து போறாங்க, பெரிய தொகைன்னு நம்பி உக்காந்திருந்துட்டு கடைசில அடிமாட்டு விலைக்குத் தள்ளிவிட வேண்டியிருக்கு.

சரி, இப்ப கண்டிஷன். இதத்தான் நிறைய சொல்லணும்.

எல்லாரும் ஸ்க்ராட்ச் இருக்கா, பெயிண்ட் போயிருக்கான்னு பாடியப் பாக்குறாங்க. பாடிய மட்டும் பாத்து எந்த முடிவுக்கும் வரக்கூடாது. ஒரு இன்ஜின் எழுபது வருஷம் வாழ்ந்திருக்குன்னா அது வாழ்ந்த விதம் எல்லா பாகத்துலயும் இருக்கும், சக்கரத்துல, ஸ்க்ரூ தலையில, பெட்டிய மாட்டுற கப்ளிங்ல, டப்பா மூலைல, எல்லா இடத்துலயும். அந்தத் தேய்மானம் எல்லாம் ஒண்ணுக்கொண்ணு ஒத்துப்போகணும். சக்கரம் தண்டவாளத்துல உரசுற பட்டை நல்லா தேஞ்சு பளபளப்பு போய் மங்கிக் கிடக்கு, நடு ரயில்ல உரசி கரண்ட் எடுக்குற கலெக்டர்ல பள்ளம் விழுந்திருக்கு, ஆனா பாடில ஒரு கீறல் இல்லன்னா அது மின்ட் இல்ல, திரும்ப பெயிண்ட் அடிச்சது. சின்னப் பசங்க விளையாடின இன்ஜின் அது, ஓடி ஓடி சக்கரம் தேயுற அளவுக்கு விளையாடினவங்க அத கையில எடுக்காமலா இருந்திருப்பாங்க? கையில எடுக்கும்போது டிரைவர் நிக்கிற கேப் கூரையோட ஓரம், சிலிண்டர் மூலை, சக்கரத்துக்கு மேல நீளமா ஓடுற ரன்னிங் பிளேட்டோட முன்பக்க விளிம்பு இங்கெல்லாம் பெயிண்ட் போய் உள்ள இருக்குற சாம்பல் கலர் உலோகம் எட்டிப் பாக்கும். அப்படி எட்டிப் பாத்தா எனக்கு சந்தோஷம், பொய் சொல்லாத இன்ஜின்னு தெரிஞ்சிடும்.

திரும்ப பெயிண்ட் அடிச்சது தப்புன்னு நான் சொல்லல, அழகா ரெஸ்டோர் பண்றவங்க இருக்காங்க, அவங்க வேலைக்கு மரியாதை உண்டு. அத ஒரிஜினல்னு சொல்லி விக்கிறதுதான் தப்பு. கண்டுபிடிக்கிறது எப்படின்னா, ரிவெட் புள்ளிங்கள ஜூம் பண்ணிப் பாருங்க, புது பெயிண்ட் தடிப்பா இருந்தா அந்தப் புள்ளிங்க அமுங்கி மழுங்கி இருக்கும். ஸ்க்ரூவோட வெட்டுல பாடி கலர் பெயிண்ட் போயிருந்தா கழட்டாமலே அடிச்சிருக்காங்க. வெட்டு பிஞ்சு போயிருந்தா யாரோ தப்பான ஸ்க்ரூடிரைவர் வச்சு பலதடவ திறந்திருக்காங்க. கேப் உள்ள, பாடி உள்பக்கம் போட்டோ கேளுங்க, பேக்டரி பெயிண்ட்டுக்கு அங்க ஒரு தன்மை இருக்கும், உள்ள அங்கங்க தூவினாப்ல பரவி நிக்கும், ரெஸ்டோர் பண்ணதுல உள்பக்கம் ஒண்ணு சுத்தமா வெறும் உலோகமா இருக்கும் இல்லன்னா மொத்தமா ஒரே சீரா அடிச்சிருக்கும். எழுத்தும் நம்பரும் டிரான்ஸ்ஃபர்ங்கிற ஒட்டுப்படம்ங்கிறதால அதச் சுத்தி பழைய வார்னிஷ் லேசா மஞ்சளாயிருக்கும், புதுசா ஒட்டினதுல அது இருக்காது, கோடு எல்லாம் ரொம்பத் துல்லியமா, ரொம்ப வெள்ளையா இருக்கும்.

இன்னொரு வேலையும் நடக்குது. போட்டோ எடுக்குறதுக்கு முன்னாடி பாடி மேல லேசா எண்ணெய் தடவிடறாங்க. மங்கிப்போன பெயிண்ட் கூட அரை மணி நேரத்துக்கு புதுசு மாதிரி மின்னும், வீட்டுக்கு வந்தப்புறம் ரெண்டு நாள்ல பழையபடி மங்கிடும், தூசியும் ஒட்டிக்கும். பள்ளமான இடத்துல எல்லாம் ஈரமா ஒரு மினுமினுப்பு தெரிஞ்சா அதுதான்.

இதெல்லாம் கூட பரவால்ல, பாத்துச் சமாளிச்சிக்கலாம். சமாளிக்க முடியாதது ஒண்ணு இருக்கு, அதுக்குப் பேரு மசாக் ராட்.

டப்ளோ இன்ஜின் பாடி பெரும்பாலும் மசாக்னு ஒரு கலவைல வார்த்தது. முக்கால்வாசிக்கும் மேல துத்தநாகம், 4 சதவீதம் கிட்ட அலுமினியம், அப்புறம் மெக்னீசியம், செம்பு மாதிரி சிலது கொஞ்சமா. இதுல ஈயம் துளி கூட கலக்கக்கூடாது. கலந்தா வருஷங்கள் போகப் போக ஈரம் உள்ள இறங்கி உலோகத்தோட மணிகளுக்கு நடுவுல அரிக்க ஆரம்பிக்கும், அரிக்க அரிக்க பாகம் வீங்கும், வளையும், அப்புறம் வெடிச்சு உதிரும். அமெரிக்கால நியூ ஜெர்சி ஜிங்க் கம்பெனி 1929லயே 99.99 சதவீதம் சுத்தமான துத்தநாகத்த வச்சு இதுக்குத் தீர்வு கண்டுபிடிச்சிட்டாங்க, ஆனா வார்ப்படப் பட்டறையில சுத்தம் தவறி வேற உலோகம் கொஞ்சம் உருக்கு சட்டில விழுந்தா முடிஞ்சது. அதனாலதான் யுத்தத்துக்கு முந்தின ஹார்ன்பிலயும், அதே பேக்டரில செஞ்ச யுத்தத்துக்கு முந்தின டிங்கி கார்லயும் இந்த வியாதி ரொம்ப அதிகம். யுத்தத்துக்குப் பிந்தினது பெரும்பாலும் தப்பிச்சிருக்கு, ஆனா எல்லாம் தப்பிச்சிருச்சுன்னு சொல்ல முடியாது.

ஒரு டாய் ஃபேர்ல, வருஷக்கணக்கா டப்ளோ மட்டுமே விக்கிற ஒரு பெரியவர் எனக்கு இத கையில வச்சே காமிச்சார். யுத்தத்துக்கு முந்தின ஏ4 ஒண்ணு, நீல பெயிண்ட் அருமையா இருந்துச்சு, தூரத்துல இருந்து பாத்தா யாரும் விழுந்துடுவாங்க. அவர் ஒரு ஸ்டீல் ஸ்கேல எடுத்து ரன்னிங் பிளேட் ஓரமா வச்சார், ஸ்கேலுக்கும் பாடிக்கும் நடுவுல நடுப்பகுதில வெளிச்சம் தெரிஞ்சது, அந்த இடம் வில்லு வளைஞ்சாப்ல வளைஞ்சிருந்துச்சு. அப்புறம் டெண்டர, அதான் இன்ஜினுக்குப் பின்னாடி வர்ற நிலக்கரி வண்டிய, திருப்பி ஜன்னல் வெளிச்சத்துக்குக் காட்டினார். காஞ்சுபோன ஏரித்தரை மாதிரி மயிரிழை வெடிப்பு, பெயிண்ட்டுக்கு அடில இருந்து கிளம்பி ஒண்ணோட ஒண்ணு பின்னிக்கிட்டுப் போகுது, பெயிண்ட் மட்டும்தான் அத பிடிச்சு வச்சிருக்கு. முன் சக்கரத்த விரலால லேசா தொட்டார், விளிம்புல இருந்து ஒரு சில்லு உதிர்ந்து மேஜைல விழுந்துச்சு. இத நான் விக்கமாட்டேன், வாங்க வர்றவங்களுக்குக் காட்டத்தான் கொண்டுவரேன்னு சொன்னார். அன்னைலருந்து எந்த லிஸ்டிங்கப் பாத்தாலும் நான் முதல்ல தேடுறது நேர்கோட்டத்தான். பக்கவாட்டு போட்டோல ரன்னிங் பிளேட் நேரா இருக்கா, கேப் சாஞ்சிருக்கா, பாடிக்கும் சேஸிக்கும் நடுவுல இடைவெளி ஒரு பக்கம் அதிகமா இருக்கா, பெயிண்ட் எங்கயாவது கொப்புளம் மாதிரி எழும்பியிருக்கா. போன் ஸ்க்ரீன் ஓரத்தையே ஸ்கேலா வச்சுப் பாக்கலாம், ஆனா லென்ஸ் கிட்ட வச்சு எடுத்த போட்டோல நேரான பொருளும் வளைஞ்சு தெரியும், அதனால சந்தேகம் வந்தா கொஞ்சம் தள்ளி நின்னு எடுத்து அனுப்பச் சொல்லிடுங்க.

இதுக்கு மருந்து கிடையாது. ஒட்டலாம், புட்டி வச்சு மறைக்கலாம், அரிப்பு உள்ள நடந்துகிட்டேதான் இருக்கும். ஒரு நிம்மதி, இது ஒரு இன்ஜின்ல இருந்து பக்கத்து இன்ஜினுக்குப் பரவாது, அந்த பயம் வேண்டாம். சக்கரம் மட்டும் போயிருந்தா மாத்து சக்கரம் கிடைக்குது, அதுக்கேத்த மாதிரி விலைய இறக்கிக் கேக்கலாம். பாடி போயிருந்தா அதத் தொடாதீங்க, எவ்வளவு கம்மிக்குக் கொடுத்தாலும்.

அடுத்தது அன்டெஸ்டட். டிராக் இல்ல, டிரான்ஸ்ஃபார்மர் இல்ல, அதனால டெஸ்ட் பண்ண முடியலன்னு எழுதுறாங்க. மூணு ரயில் டப்ளோவ ஓட்டிப் பாக்க டிராக்கே தேவையில்ல, 12 வோல்ட் டிசி சப்ளை ஏதாவது ஒண்ணு எடுத்து, ஒரு ஒயர அடில இருக்குற கலெக்டர்லயும் இன்னொண்ண சக்கரத்துலயும் தொட்டா மோட்டார் சுத்தணும். பல வருஷமா இந்த ட்ரெயின் மட்டுமே விக்கிற ஒருத்தர் இதக்கூட செய்யாம 385 பவுண்டு கேக்குறார்னா, செஞ்சு பாத்துட்டார், ஓடல, அதான் விஷயம்னு நான் எடுத்துக்குவேன். வீட்ட காலி பண்றப்ப கிடைச்சதுன்னு விக்கிற சாதாரண ஆளுங்க விஷயம் வேற, அவங்களுக்கு நிஜமாவே தெரியாது, அவங்ககிட்ட எப்படித் தொடணும்னு ரெண்டு வரில எழுதி அனுப்பினா நிறைய பேர் சந்தோஷமா செஞ்சு வீடியோ அனுப்புறாங்க.

வீடியோ வந்தாலும் எப்படிப் பாக்கணும்னு இருக்கு. கையில தூக்கிப் பிடிச்சு சக்கரம் காத்துல விர்ருன்னு சுத்துற வீடியோவ நம்பாதீங்க. பழைய டப்ளோ மோட்டார்ல நிலைக் காந்தம் வலுவிழந்து போறது ரொம்ப சகஜம், ஆரம்ப கால குதிரைலாட வடிவக் காந்தம்னா கேக்கவே வேண்டாம், யாராவது ஆர்மெச்சர, அதான் உள்ள சுத்துற பாகத்த, வெளிய எடுத்து, காந்தத்துக்குக் குறுக்க வைக்கிற கீப்பர்ங்கிற இரும்புத் துண்டு இல்லாம வச்சிருந்தாலும் பலம் போயிடும். காந்தம் வீக்கான மோட்டார் சும்மா சுத்தும்போது இன்னும் வேகமாத்தான் சுத்தும்! இழுக்கச் சொன்னாத்தான் குட்டு வெளிப்படும், கரண்ட் அதிகமா குடிக்கும், சூடாகும், நாலு கோச் மாட்டினா நின்னுடும். நல்லா இருக்குற டப்ளோ அரை ஆம்பியர் சுத்துல எடுக்கும், ஒரு ஆம்பியரத் தாண்டிப் போச்சுன்னா ஏதோ கோளாறு. அதனால டிராக்ல, கோச் மாட்டி, மெதுவா, முன்னாடியும் பின்னாடியும் ஓட்டின வீடியோ கேளுங்க. காந்த விஷயம் பெரிய பிரச்சனை இல்ல, திரும்ப மேக்னடைஸ் பண்ணித் தர்றவங்க இருக்காங்க, நியோடிமியம் காந்தம் மாத்துறவங்களும் இருக்காங்க. ஆனா அந்தச் செலவு விலையில கழியணும்.

என்னோட சொந்த அபிப்பிராயம் ஒண்ணு இங்க சொல்லிடறேன். ஓடாத மின்ட் இன்ஜினையும், ஓரமெல்லாம் பெயிண்ட் போய் அம்சமா ஓடுற இன்ஜினையும் பக்கத்துல வச்சா நான் ரெண்டாவதத்தான் எடுப்பேன். இத செஞ்சவங்க ஓடுறதுக்குத்தான் செஞ்சாங்க, அந்த கனமான பாடி மூணு ரயில் மேல கடகடன்னு போற சத்தம் வேற எந்த மாடல் ட்ரெயின்லயும் வராது.

டப்பா. டப்பாவுக்கு இன்ஜின் அளவுக்கு விலை சொல்றாங்க, சில அரிய இன்ஜின்ல டப்பாதான் பாதி விலையே. சேகரிக்கிறவங்களுக்கு அது முக்கியம்னா நான் குறை சொல்லமாட்டேன், ஆனா டப்பா அந்த இன்ஜினோட டப்பாவாங்கிறதப் பாருங்க. யுத்தத்துக்குப் பிந்தின மூணு ரயில் இன்ஜினுக்குப் பெரும்பாலும் இடிஎல்னு ஆரம்பிக்கிற நம்பர், அத்தோல்னா இடிஎல்2. ரெண்டு ரயில் வந்தப்புறம் நாலு இலக்க நம்பருக்கு மாறிட்டாங்க, 2ல ஆரம்பிச்சா ரெண்டு ரயில், 3ல ஆரம்பிச்சா மூணு ரயில், உதாரணத்துக்கு டெல்டிக் டீசல்ல 2234 கிரெபெல்லோ ரெண்டு ரயிலு, 3234 செயின்ட் பேடி மூணு ரயிலு. இது மாறியிருந்தா எங்கயோ கிடைச்ச டப்பாவுல எதையோ வச்சு விக்கிறாங்க. ரிப்ரோ டப்பா, அதாவது இப்ப செஞ்ச நகல் டப்பா, நிறைய வருது, நல்லா செய்றவங்க உள்ள ரிப்ரோன்னு அச்சடிச்சே விக்கிறாங்க, அத கத்தரிச்சுட்டு ஒரிஜினல்னு விக்கிறவங்க வேற ஆளுங்க. பழைய டப்பால ஓரம் உரசி உள் அட்டை பழுப்பா தெரியும், மூடி மடிப்புல நார் நாரா பிரிஞ்சிருக்கும், உள்ள இன்ஜின் சக்கரம் உக்காந்த இடத்துல எண்ணெய்க் கறை இருக்கும். அந்தக் கறை இருந்தா எனக்கு ரொம்பத் திருப்தி. அட்டை உள்பக்கம் வெள்ளவெளேர்னு இருந்தா சந்தேகப்படுங்க.

கப்ளிங்க மறந்துட்டேன் பாருங்க. யுத்தத்துக்கு முன்னாடி தட்டையான ஸ்பிரிங் தகடு மாதிரி கப்ளிங், அப்புறம் பெக்கோ கம்பெனி டிசைன்ல உலோகக் கொக்கி, ஐம்பதுகளோட கடைசில பிளாஸ்டிக்கு. ப்ரீவார்னு விக்கிற வேகன்ல கொக்கிக் கப்ளிங் இருந்தா ஒண்ணு அது ப்ரீவார் இல்ல, இல்லன்னா யாரோ மாத்தியிருக்காங்க. ரெண்டுல எதுவா இருந்தாலும் அந்த விலைக்கு அது இல்ல.

கோச்சுங்கள்ல தகரம், அதுல லித்தோ பிரிண்ட். துரு எப்பவும் கூரை ஓரத்துலயும் அடித்தட்டு மடிப்புலயும்தான் ஆரம்பிக்கும், போட்டோ எப்பவும் நடுவுலதான் எடுப்பாங்க. ட்ரையாங் வாங்குறவங்களுக்கு வேற பிரச்சனை, அவங்களோட ஆரம்ப கால கோச் செல்லுலோஸ் அசிடேட்ல செஞ்சது, அது வருஷம் போகப் போக சுருங்கி முறுக்கிக்கும், ரெண்டு முனையும் மேல தூக்கிட்டு நிக்கும். அதுக்கும் வைத்தியம் இல்ல.

அமெரிக்க லயனல் கம்பெனி ட்ரெயின் பக்கம் போற ஆளுங்களுக்கு ஒரு நல்ல விஷயம் இருக்கு, அங்க ட்ரெயின் கலெக்டர்ஸ் அசோசியேஷன்னு 1954ல ஆரம்பிச்ச சங்கம் ஒண்ணு, அவங்க சி1 முதல் சி10 வரைக்கும் ஒரு அளவுகோல் வச்சிருக்காங்க. சி10 ஒரு தடவ கூட ஓட்டாத, குறையே இல்லாத புதுசு, சி8 லைக் நியூ, சி7 எக்ஸலன்ட்னா கண்ணுக்குத் தெரியாத அளவு கீறல் இருக்கலாம் ஆனா துரு கூடாது, சி6 வெரி குட்ல லேசான துரு வரைக்கும் அனுமதி. அதனால வெரி குட்டுன்னு போட்டிருந்தா துருவ எதிர்பாத்துத்தான் வாங்கணும். யுத்தத்துக்குப் பிந்தின லயனல் டீசல்ல இன்னொரு இடம் கட்டாயம் பாக்கணும், ஹார்ன் அடிக்கிறதுக்கு உள்ள ஒரு டி சைஸ் பேட்டரி போடுவாங்க, அத எடுக்க மறந்து அலமாரில வச்சதுல பேட்டரி ஒழுகி சேஸிய அப்படியே தின்னிருக்கும். வெளிய பாத்தா சான்டா ஃபே ரயில்வே கலரான சிவப்பும் வெள்ளியும் ஜொலிக்கும். ஷெல்ல கழட்டி உள்ள போட்டோ கேக்காம அத வாங்கவே வாங்காதீங்க.

டப்ளோவ செட்டா வாங்கினா கூடவே பழைய டிரான்ஸ்ஃபார்மர் வரும். அத பிளக்ல சொருகாதீங்க. உள்ள இருக்குற ரப்பர் இன்சுலேஷன் பொடிப்பொடியா உதிர்ந்திருக்கும், உலோக டப்பா வேற, 230 வோல்ட் விளையாட்டு இல்ல. ஒர்க்கிங்னு எழுதியிருந்தாலும் சரி, அலங்காரத்துக்கு வச்சுக்கிட்டு புது 12 வோல்ட் கன்ட்ரோலர் வாங்கிக்கங்க. தம்பிகிட்ட இத ரெண்டு தடவ சொன்னேன், வீட்ல குழந்தைங்க இருக்கு.

காசு கொடுக்குறதுக்கு முன்னாடி விக்கிறவர் வியாபாரியா தனி ஆளான்னும் பாருங்க. இங்கிலாந்துல வியாபாரிகிட்ட ஆன்லைன்ல வாங்கினா, 2013ல வந்த கன்ஸ்யூமர் கான்ட்ராக்ட்ஸ் ரெகுலேஷன்ஸ்படி பொருள் கைக்கு வந்து 14 நாளைக்குள்ள காரணம் சொல்லாமலே வேண்டாம்னு சொல்லலாம். தனி ஆளுகிட்ட வாங்கினா அந்த உரிமை கிடையாது, ஆனா சோல்ட் அஸ் சீன்னு எழுதிட்டா எதையும் அனுப்பலாம்னு அர்த்தம் இல்ல, அவங்க எழுதின விவரத்தோட பொருள் ஒத்துப்போகணும், ஒத்துப்போகலன்னா ஈபேலயே கேஸ் போடலாம். அதனாலதான் கேள்விய எல்லாம் ஈபே மெசேஜ்லயே கேக்கணும், போன்ல பேசாதீங்க. பாடி ஒரிஜினல் பெயிண்ட்டா, மசாக்ல வெடிப்போ வளைவோ எங்கயாவது இருக்கா, பாகம் எதாவது மாத்தினதான்னு நேரடியா கேட்டு எழுத்துல பதில் வாங்கிக்கங்க. அந்த 385 பவுண்டு ஆளுக்கு இத அப்படியே அனுப்பி, அடிப்பக்கம் ஒரு போட்டோவும் கேட்டேன். பதில் வந்துச்சு, போட்டோ வரல, எல்லாம் லிஸ்டிங்லயே இருக்குன்னு எழுதியிருந்தார். தம்பிகிட்ட வேண்டாம்னு சொல்லிட்டேன். டப்பா இல்லாத, கேப் ஓரத்துல பெயிண்ட் போன, டிராக்ல அஞ்சு கோச் இழுத்துக்காட்டின வேற ஒரு அத்தோல் பாத்து வச்சிருக்கேன், அத பேசிட்டு இருக்கோம்.

வாங்கினப்புறம் பேக்கிங் பத்தி விக்கிறவருக்கு ஒரு வரி எழுதிடுங்க. டப்ளோ இன்ஜின் நல்ல கனம், ஒரிஜினல் டப்பாக்குள்ளயே வச்சு அனுப்பினா போற வழில டப்பாவோட முனைய இடிச்சுக் கிழிச்சிட்டு வெளிய வந்துடும், கூடவே முன்பக்க பஃபரும் போயிடும். இன்ஜினையும் டெண்டரையும் தனித்தனியா பபுள் ராப்ல சுத்தி, டப்பாவ காலியா, அமுங்கித் தட்டையாகாதபடி, இன்னொரு அட்டைப்பெட்டில வச்சு அனுப்பச் சொல்லுங்க.